பத்து மீட்டருக்கு எந்தப் பெல்லட்? கோத்தகிரி மாடியிலிருந்து

கோத்தகிரியில் மூடிக்கிடக்கும் ஒரு டீ ஃபேக்டரியின் மேல்மாடியில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் சொல்லிக்கொடுக்கிறேன். பச்சை இலையைப் பரப்பி வாட்டுவதற்காகக் கட்டிய மாடி. நல்ல நீளம், இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல், பலகைத் தரை. என் அப்பா அந்த ஃபேக்டரியில்தான் ஃபிட்டராக இருந்தார். அந்தப் பழக்கத்தில் உரிமையாளர் வீட்டில் போய்க் கேட்டபோது, "சுவரை ஓட்டை போடாமப் பாத்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். ஆறு வருடமாக அந்தச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

புதிதாக வருகிற பிள்ளையோடு கூட வரும் அப்பாவோ மாமாவோ முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டீச்சர், பாயிண்ட் ஒன் செவன் செவன் ரொம்பச் சின்னதா இருக்கே, பாயிண்ட் டூ டூ வாங்கிடலாமா? பவர் ஜாஸ்தின்னு கடையில சொல்றாங்க."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டரில் வளையம் போட்ட தாளைச் சுட 4.5 மி.மீ. விட்டமுள்ள பெல்லட், ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. அங்குலக் கணக்கில் அதுதான் அந்தப் பாயிண்ட் ஒன் செவன் செவன். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டியது அதற்கு அப்புறம்: 4.5-லேயே எந்தத் தலை, என்ன எடை, என்ன அளவு, உங்கள் துப்பாக்கியின் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்பது. நான் பார்த்தவரை, காலிபர் என்கிற குழல் விட்டத்தைப் பற்றி ஒரு மாதம் விசாரிக்கிறவர்கள் பெல்லட்டை மட்டும் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கிவந்துவிடுகிறார்கள். பிள்ளை மூன்று மாதம் பத்துக்கு எட்டும் ஏழுமாகச் சுட்டு, தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஏன் 4.5?

இந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நாங்கள் சுட்டது பாயிண்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டரில். அதனால் பாயிண்ட் டூ டூ என்றால் பெரியவர்களுடையது, ஏர் ரைஃபிள் என்றால் விளையாட்டுச் சாமான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. என்.சி.சி. ரைஃபிளில் போவது வெடிமருந்து நிரப்பிய தோட்டா. அதன் ஈயக் குண்டு மட்டும் ஏறத்தாழ 2.6 கிராம். ஏர் ரைஃபிளில் பாயிண்ட் டூ டூ என்றால் 5.5 மி.மீ. விட்டமுள்ள பெல்லட், ஒரு கிராமை ஒட்டிய எடை. தள்ளுவது வெறும் காற்று. போட்டிக்கென்று செய்யும் 4.5 மி.மீ. மேட்ச் பெல்லட்டோ அரை கிராம் சொச்சம்தான்.

இப்போது தாளைப் பாருங்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் வெளி வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ. கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. பத்து என்பது நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி, விட்டம் 0.5 மி.மீ. குண்டூசி குத்தினால் எவ்வளவோ அவ்வளவுதான். அந்தப் புள்ளியைப் பெல்லட்டின் ஓரம் தொட்டுவிட்டாலே பத்து. 4.5 மி.மீ. பெல்லட்டில் பாதி 2.25, புள்ளியில் பாதி 0.25. ஆக, பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து கிடைக்கும். இதையே 5.5 பெல்லட்டில் சுட்டால் 3 மி.மீ. தள்ளி விழுந்தாலும் பத்து. ஒருவர் பெரிய ஓட்டை போட்டு ஜெயிக்கக் கூடாது என்பதற்காகத்தான் உலகம் முழுக்க இந்தப் போட்டிக்கு ஒரே அளவு, 4.5.

1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் இந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து பதக்கம் வாங்கியவர்கள் எல்லோரும் இந்தச் சின்ன அளவில்தான் வாங்கியிருக்கிறார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய கடைசிச் சுடுதல் 10.8. பத்தைப் பத்தாகப் பிரித்து மார்க் போடும் முறை அது. நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 குறையும், உச்சம் 10.9. அப்படியென்றால் அந்தக் கடைசிப் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே பத்து மீட்டரில், இதே 4.5-இல். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "சின்னதா இருக்கே" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

வேகக் கணக்கும் ஒன்று இருக்கிறது. மேட்ச் ரைஃபிளில் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி. அதற்குள் அது கீழே இறங்குவது 17 மி.மீ. அளவில். அதே ஆற்றலில் ஒரு கிராம் எடையுள்ள 5.5 பெல்லட்டைத் தள்ளினால் வேகம் நொடிக்கு 120-ஐ ஒட்டி வந்துவிடும், இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இறக்கத்தை, குறிபார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மெதுவான பெல்லட் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், அந்த நேரத்தில் உங்கள் கை அசைந்தால் அந்த அசைவும் பெல்லட்டோடு சேர்ந்து தாளுக்குப் போகும். பழகும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். 5.5-இன் பலம் எடையும் மோதும் விசையும். தாளைத் துளைக்க அந்த விசை எதற்கு?

அப்புறம் சட்டம். ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் வந்த ஆயுத விதிகள் 2016. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். 5.5 வாங்கிவிட்டு உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். எத்தனை பேர் இது தெரியாமல் யாரிடமோ பழைய துப்பாக்கியை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. உரிமம் வேண்டாத துப்பாக்கியையும் பில் போட்டுத் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள், பில்லைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். மலைப்பாதையில் செக்போஸ்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அந்தக் காகிதம்தான் பேசும்.

ஒருமுறை ஒருவர் கேரட் தோட்டத்துக் குரங்குக்கும் பன்றிக்கும் 5.5 வேண்டும் என்று என்னிடம் விசாரிக்க வந்தார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு ராத்திரியில் பாத்தி முழுக்கக் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். ஆனாலும் அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன் என்றேன். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஏர் ரைஃபிளில் அடிபட்ட குரங்கு பெரும்பாலும் உடனே சாகாது, சதைக்குள் ஈயத்தோடு சீழ்பிடித்துப் பல நாள் அலையும். என் மாடியில் பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்: உயிருள்ள எதன் பக்கமும் குழல் திரும்பினால் அன்றோடு வகுப்பு முடிந்தது.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

டப்பாவைத் திறந்து ஒரு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சு அசல் உடுக்கை மாதிரி இருக்கும். முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. பாவாடை உள்ளே குடைந்து மெல்லிசாக இருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்த மெல்லிய ஓரம் விரிந்து குழலோடு ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கிறது. தலை குழலின் வரிப்பள்ளங்களில் உட்கார்ந்து சுழன்றுகொண்டே போகிறது. ஆக, தலையில் ஒரு கீறல், பாவாடையில் ஒரு நசுங்கல் என்றால் அந்தப் பெல்லட் தன் வழியில் போகும். ஈயம் அவ்வளவு மிருது. நகத்தால் அழுத்தினாலே தடம் விழும்.

தலையில் பல வகை இருக்கிறது. தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த்தலை, நடுவில் குழி விழுந்த தலை. தாளுக்குத் தட்டைத் தலை மட்டும். காகிதத்தில் பஞ்ச் அடிக்கும் கருவி போல வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் வெட்டிக்கொண்டு போகும். உருண்டையும் கூர்மையும் தாளைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை சுருங்கிவிடும், வளையத்தைத் தொட்டதா இல்லையா என்று பார்க்க முடியாது. தட்டைத் தலைக்குத் தூரத்தில் காற்றுத் தடை அதிகம், 25 மீட்டருக்கு மேல் தடுமாறும். நமக்குப் பத்து மீட்டர்தான், அதனால் அந்தக் குறை நம்மைத் தொடாது.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் ஒரு கடையில் பத்து டப்பா மேட்ச் பெல்லட் என்று கேட்டேன். "இது அதைவிட நல்லா துளைக்கும் மேடம்" என்று கூர்த்தலை பெல்லட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நானும் டப்பாவைத் திறந்து பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு மாதம் பிள்ளைகளின் தாளெல்லாம் கிழிசல். எட்டாவது படிக்கும் ஒரு பெண், "மிஸ், இது ஒம்பதா பத்தா?" என்று ஒவ்வொரு தாளையும் தூக்கிக்கொண்டு வருவாள். எனக்கே சொல்லத் தெரியாது. பின்னால் ஒரு போட்டியில் மற்ற பிள்ளைகளின் தாளில் அழகழகான வட்டங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது கடையிலேயே டப்பாவைத் திறந்து, ஒன்றை விரலில் எடுத்துத் தலையைத் தடவிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

எடைக்கு வருவோம். டப்பா மேல் கிராமிலோ கிரெயினிலோ போட்டிருக்கும். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். ரைஃபிளுக்கென்று செய்யும் மேட்ச் பெல்லட் பெரும்பாலும் 0.53 கிராம், அதாவது 8.2 கிரெயின். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் என்ற பிராண்டுகளில் ரைஃபிளுக்கு வரும் எடை இதுதான். பிஸ்டலுக்கு அதைவிட லேசானது, ஆர்10-இல் 0.45 கிராம். பழகும் பிள்ளைகள் சுடுவது ஸ்பிரிங் ரைஃபிள், உள்ளே ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அமுக்கும்; அதில் லேசான பெல்லட்டும் நன்றாகவே போகலாம். அதைத் தாளில்தான் பார்க்க வேண்டும், ஆனால் ரொம்ப லேசானதைப் போட்டால் பிஸ்டனுக்கு எதிர்த்தடை போதாமல் அது முன்னால் போய் மோதும். பெல்லட்டே போடாமல் ஸ்பிரிங் ரைஃபிளின் விசையை (ட்ரிகரை) இழுப்பது அதைவிடக் கெடுதல், சீல் போய்விடும். காற்று சிலிண்டர் வைத்த மேட்ச் ரைஃபிளில் வெறுமனே விசை பழகுவதற்குத் தனி வசதி இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் அது கிடையாது.

அடுத்தது தலை அளவு. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 4.5 என்று பொதுவாகச் சொன்னாலும் நல்ல மேட்ச் டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று ஒட்டியிருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர். அது என்ன செய்யும் என்று நினைப்பீர்கள். செய்யும். ஒவ்வொரு குழலும் துளியளவு வேறு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் போட்ட இரண்டு ரைஃபிளுக்கு இரண்டு வேறு அளவு பிடிக்கும்.

குழலிடமே கேளுங்கள்

சோதனை இப்படிச் செய்யுங்கள். மூன்று அளவிலும் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள், அல்லது பழகும் நண்பர்கள் மூன்று பேர் ஆளுக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு மேசை, அதன் மேல் மணல் பை. நான் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். சிலிண்டர் ரைஃபிள் என்றால் மணல் பையில் நன்றாகப் படுத்திவைத்துச் சுடலாம். ஸ்பிரிங் ரைஃபிளை அப்படி வைத்தால் துள்ளும்போது பை அதைத் திருப்பிவிடும். அதனால் பையின் மேல் உங்கள் இடது கையை மல்லாத்தி வைத்து, விரித்த உள்ளங்கையில் ரைஃபிளைச் சும்மா உட்காரவையுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அது தன் இஷ்டத்துக்குத் துள்ளட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ளினால் போதும்.

பெல்லட் மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயம் குழலில் இருக்கும், புதியது படிய வேண்டும். அப்புறம் ஒரு தாளுக்கு ஐந்து என்று நான்கு தாள். ஐந்தும் எங்கே விழுகிறது என்பது இப்போது முக்கியமில்லை. எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதுதான் வேண்டும். நடுவில் விழவைக்கச் சைட் இருக்கிறது.

அப்பாவின் வெர்னியர் காலிப்பரை நான் இதற்குத்தான் வைத்திருக்கிறேன். அதன் தாடையில் அவர் இடது கைப் பெருவிரல் தேய்ந்த இடம் பளபளவென்று இருக்கும். ஐந்து ஓட்டைக் கூட்டத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அதிகபட்ச அகலத்தை அளந்து, அதிலிருந்து 4.5-ஐக் கழித்துவிடுங்கள். மையத்துக்கு மையம் எவ்வளவு விலகல் என்று வந்துவிடும். எங்கள் பழைய சிலிண்டர் ரைஃபிளில் 4.49-க்குச் சராசரி 4 மி.மீ. விலகல் வந்தது, 4.51-க்கு 3.5, 4.50-க்கு 2-க்கும் கீழே. தாளில் பார்த்தால் ஐந்து பெல்லட் போனதா என்றே சந்தேகம் வரும், கொஞ்சம் அகலமான ஒற்றை ஓட்டை. பத்துக்கு நமக்குக் கிடைக்கும் இடமே நடுவிலிருந்து 2.5 மி.மீ. அதில் துப்பாக்கி எவ்வளவு தின்றுவிடுகிறதோ, பிள்ளையின் கைக்கு அவ்வளவு குறைவாகத்தான் மிஞ்சும்.

ஒரு அளவு பிடித்துவிட்டால் அந்த டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும் தயாரிப்பு எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணில் நான்கைந்து டப்பா சேர்த்து வாங்கிவிடுங்கள். 500 பெல்லட் உள்ள டப்பா, பிள்ளை ஒழுங்காகப் பழகினால் ஒரு மாதம்கூட வராது. விலை கூடிய பெல்லட்டை எல்லா நாளும் சுட வேண்டியதில்லை என்று சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். நிற்கவும் மூச்சுவிடவும் பழகும் முதல் இரண்டு மாதத்துக்கு எந்தத் தட்டைத் தலையும் போதும். அதற்கப்புறம் பிள்ளை சைட்டில் என்ன பார்த்ததோ அது தாளில் விழ வேண்டும். இல்லாவிட்டால் சரியாகச் செய்ததற்கும் தண்டனை கிடைக்கும், தப்பாகச் செய்ததற்கும் பரிசு கிடைக்கும், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

சுடும் முன் ஒவ்வொரு பெல்லட்டையும் விரலில் உருட்டிப் பாருங்கள். பாவாடை நசுங்கியதைத் தனியாகப் போடுங்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம், அது ஈயம்.

மலையில் கூடுதலாக ஐந்தாறு விஷயம்

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் ரைஃபிள் அந்தந்த இடத்துக் காற்றைத்தான் அமுக்கித் தள்ளுகிறது, அதனால் கோயம்புத்தூரில் சைட் வைத்துக் கொண்டுவந்த துப்பாக்கி இங்கே கொஞ்சம் மாறி விழும். துப்பாக்கியைக் குறை சொல்லாமல் சைட்டை மறுபடி வையுங்கள். இங்கிருந்து கீழே போட்டிக்குப் போகும்போதும் அதேதான், ஒருநாள் முன்னால் போய்ச் சேருங்கள். இன்னொரு விஷயம், நம் பிள்ளைகள் இந்தக் குளிரில் பழகிவிட்டு ஏப்ரலில் சமவெளியில் தடித்த ஷூட்டிங் ஜாக்கெட்டைப் போட்டு ஒரு மணி நேரம் நின்றால் தலை சுற்றும். தண்ணீர் குடிக்கவைத்து, முறை வரும்வரை ஜாக்கெட் பட்டனைத் திறந்துவைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆனால் மலையில் பெரிய எதிரி உயரம் இல்லை, ஈரம். ஜூலையில் ஒருநாள் காலை, பத்து மணி இருக்கும், மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. பத்து மீட்டர் தூரத்துத் தாளில் கறுப்பு சாம்பலாகிவிட்டது. ஒரு பையன் அடுத்தடுத்து எட்டு, ஏழு, எட்டு. கேட்டால் "ரிங் மங்கலா தெரியுது டீச்சர்" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அன்று முதல் மேகம் இறங்கினால் காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் தாளுக்கு நேராக இரண்டு விளக்கு போடுகிறோம். தாளில் விழும் வெளிச்சம் மாறாமல் இருந்தால் பிள்ளையின் கண்ணும் மாறாது.

பெல்லட் ஈரத்தில் வெளுத்துப்போகும். டப்பாவுக்குள் வெள்ளை மாவு மாதிரி தெரிந்தால் அந்த டப்பாவைச் சுட வேண்டாம், மூக்கருகே கொண்டுபோகவும் வேண்டாம். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை நான் சேர்த்துவைத்து, பெல்லட் டப்பாக்களோடு சேர்த்து மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறேன். துப்பாக்கியை உறையோடு அலமாரியில் வைக்காதீர்கள். உறைத்துணி ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், இரண்டு மழைக்குள் குழல் வாயில் துரு. சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் இரும்பைத் துடைத்து, உறை இல்லாமல் காற்றுப்படும்படி பூட்டி வையுங்கள்.

கைப்பம்பில் சிலிண்டர் நிரப்புகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். மேட்ச் ரைஃபிள் சிலிண்டர் வழக்கமாக 200 பார் அழுத்தம். மேகமூட்டமான காலையில் பம்ப் அடித்தால் அத்தனை ஈரமும் அமுங்கி உள்ளே தண்ணீராக நிற்கும். வெயில் அடிக்கும் மத்தியானத்தில் அடியுங்கள், பம்பில் ஈரவடிகட்டி இருக்கட்டும், ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்திப் பம்பை ஆறவிடுங்கள். சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து வருடம் ஆகிவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் காலையில் விரல் மரத்துப்போகும். மேட்ச் விசை நூறு கிராமுக்கும் குறைந்த அழுத்தத்தில் இயங்கும். மரத்த விரலுக்கு அது தெரியவே தெரியாது, நினைப்பதற்கு முன்னால் போய்விடும். அக்குளில் கையை வைத்துச் சூடாக்கியபிறகுதான் பெல்லட் போட விடுவேன்.

ஒரு சுடுதல்

பத்து மீட்டரை டேப் வைத்து அளந்து தரையில் கோடு போடுங்கள். தாளின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில். கோட்டுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடையை எலும்பு தாங்கும்படி விடுங்கள். போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். எட்டாவது படிக்கும் பிள்ளை அதைத் தசையால் தூக்கினால் பத்துச் சுடுதலில் தோள் துடிக்க ஆரம்பித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு தாங்கியைக் கொடுங்கள், அவசரமே இல்லை.

குறி பார்த்தபின் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். சைட் வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுக்கக் கூடாது, பாதத்தைச் சற்று நகர்த்த வேண்டும். பின் சைட்டின் துளைக்குள் முன் வளையம், முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம், சுற்றிலும் ஒரே அகலத்தில் வெள்ளை. அது அசையாமல் நிற்காது, யாருக்கும் நிற்காது. அசைவு மெதுவாகும்போது விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியதிலிருந்து ஏழெட்டு நொடிக்குள் போகவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி தொடங்கணும். என் பிள்ளைகளில் நன்றாகச் சுடுகிறவர்கள் அதிகமாக இறக்கிவைக்கிறவர்கள்தான். சுட்டபின்னும் இரண்டு நொடி அப்படியே சைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். எங்கே விழுந்தது என்று பிள்ளை தாளைப் பார்ப்பதற்கு முன்னால் வாயால் சொல்லட்டும்: "கொஞ்சம் கீழ, எட்டு." அது தாளோடு ஒத்துப்போனால் பெல்லட்டும் சரி, கண்ணும் சரி.

தாளுக்குப் பின்னால்

எங்கள் மாடியில் தாளுக்குப் பின்னால் மரப்பெட்டி, அதற்குள் 45 டிகிரி சாய்த்த இரும்புத் தகடு, அடியில் மணல். பெல்லட் தகட்டில் பட்டு மணலுக்குள் விழும். கருங்கல் சுவரைப் பின்னணியாக வைத்துச் சுடாதீர்கள், திரும்பி வரும். இரும்புக் குண்டுகளை எந்தப் பெட்டிக்கும் சுட வேண்டாம். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்கிறவரும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். தாள் மாற்ற ஒருவர் முன்னால் போகும்போது எல்லா ரைஃபிளும் திறந்து, உள்ளே பெல்லட் இல்லை என்பதற்கு அடையாளமாகக் குழலுக்குள் ஆரஞ்சு நைலான் கயிறு தெரிய, மேசைமேல். கயிறு தெரியாவிட்டால் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பாதையில் காட்டெருமை நின்று வகுப்பு அரைமணி தாமதமாகத் தொடங்கினாலும் இந்தக் கயிற்றுச் சடங்கில் ஒரு நொடியும் குறைப்பதில்லை.

வர்க்கியும் டீயும் கை கழுவிய பிறகுதான், அதுவும் கீழ்த்தளத்தில்.

மாதம் ஒருமுறை மணலைச் சலித்து ஈயத்தை எடுக்கிறோம். 500 பெல்லட்டுக்கு 265 கிராம். எட்டுப் பிள்ளைகள் சுட்டால் மாதம் இரண்டு கிலோ சேர்ந்துவிடுகிறது. ஃபேக்டரிக்குக் கீழே ஒரு ஓடை போகிறது, அதை நம்பி இரண்டு ஹட்டி (படுகர் ஊர்) இருக்கிறது. அதனால் ஒரு பெல்லட்டும் மண்ணுக்குப் போகக் கூடாது என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கிறார்கள். சலித்த ஈயம் மூடி போட்ட பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. இப்போது முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அடுத்த மழைக்கு முன்னால் மேட்டுப்பாளையம் பழைய இரும்புக் கடைக்கு இறக்கிவிட வேண்டும்.